பயாஸில் வைத்த வேகம்

செவ்வாய் இரவு, மூக்கண்டப்பள்ளி.

அறைத்தோழி செல்வியின் கம்ப்யூட்டரில் பிராசசரின் வேகத்தை முதலில் ஒரு மென்பொருள் வழியாகத்தான் கூட்டிக் கொடுத்தேன். ஆஃப் செய்து போட்டால் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். "அதுவே போதுங்க்கா" என்றாள். எனக்குத்தான் போதவில்லை. போன வாரம் அவளிடம் சொல்லாமல், கம்ப்யூட்டர் உயிர்பெறும்போதே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் அந்த வேகத்தை நிலையாக வைத்துவிட்டேன். ஓசூரின் இரவுக் குளிரில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. வேகம் கூடினால் சூடும் கூடும்; மதியத்தில் எங்கள் தகரக் கூரை எப்படிக் கொதிக்கும் என்பதை யோசிக்கவே இல்லை.

இன்று மதியம் அவளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு; கம்ப்யூட்டரிலேயே டிராயிங் வரைந்து காட்ட வேண்டும். நான் கம்பெனியில் இருந்தபோது போன் செய்தாள்.

"அக்கா, பாதி டிராயிங்ல ஆஃப் ஆயிருச்சு. திரும்பப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது. நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?"

ஆமாம் என்றிருந்தால், பயாஸில் எதை அழுத்த வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தேர்வை முடித்திருப்பாள்.

"இல்லையே" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

நேரம் முடிந்துவிட்டது. மறுபடி எழுத விடமாட்டார்களாம்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தேன். வந்து போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பரீட்ச முடிஞ்சதும் நல்லாயிருச்சு பாருங்க. என்னாட்டமே பயந்தாங்கொள்ளி." எனக்கும் சேர்த்துத் தோசை ஊற்றினாள். சாப்பிட்டேன்.

இப்போது பாயில் படுத்தபடி கேட்கிறாள், "லைட்ட ஆஃப் பண்ணட்டுமாக்கா?"

இப்போதாவது சொல்லிவிடலாம். ஆஃப் பண்ணு என்றுதான் சொல்லப் போகிறேன்.