பதினேழாம் நம்பர் பிளாக்குகள்

மாரண்டஹள்ளி
1-3-1987

அன்பு மகள் லூர்துமேரிக்கு ஆண்டவர் துணையிருக்க அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, கோயிலுக்கு நடந்தே போகிறாள். தோட்டத்தில் அவரை இன்னும் காய்க்கிறது.

உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்தது. டெல்லிக் குளிர், ஸ்வெட்டர், விடுதிச் சாப்பாடு எல்லாம் எழுதியிருந்தாய். ஓசூரிலிருந்து எங்கள் கம்பெனி வழவழப்பை அளக்கச் சொல்லி உங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பன்னிரண்டு எஃகு பிளாக் அனுப்பியதையும், அதில் என் ஆள் நம்பரான பதினேழு குத்திய ஆறும் உன் அப்பன் மெருகேற்றியவை என்பதையும் எழுதவில்லை. அந்த ஆறும் சொரசொரப்பு என்று பத்தாம் தேதியே ரிப்போர்ட் போட்டாயிற்று. சூப்பர்வைசர் தர்மன் எல்லோர் எதிரிலும் படித்தார். கீழே உன் கையெழுத்து, கிறுக்கலாக இருந்ததால் எனக்கு மட்டும் அடையாளம் தெரிந்தது.

திரும்பி வந்த பிளாக்குகளை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் பெருவிரல் போட்ட சிலுவை எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிந்தது. வேலை முடிந்ததும் சிலுவை போடாமல் நான் எதையும் கையைவிட்டு அனுப்பியதில்லை, பரீட்சைக்குப் போகும்போது உன் நெற்றியிலும் அப்படித்தான் போட்டேன். லேசர் வெளிச்சம் வழவழப்பான எஃகுப் பரப்பில் பட்டால் ஒரே புள்ளியாகத் திரும்பும், விரல் ரேகை இருந்தாலே சிதறிவிடும் என்று கிறிஸ்துமஸ் லீவில் நீதான் சொன்னாய். கேட்டும் பழக்கத்தில் போட்டுவிட்டேன், அது என் தப்பு. ஆனால் அந்தச் சிலுவை யாருடையது என்று உனக்குத் தெரியாதா? ஒரு தடவை துடைத்துவிட்டு அளந்திருக்கலாம். வந்தது வந்தபடி அளப்பதுதான் சட்டமென்றால், கைரேகை இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதுவும் முடியாதென்றால் எனக்காவது சொல்லியிருக்கலாம். அப்பன் வேலை என்று தெரிந்தால் உன் பேர் கெடும் என்று பயந்தாயோ என்னவோ. பெற்ற மகளே இப்படிச் செய்துவிட்டாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தர்மனிடம் பெட்ரோல் துணியால் துடைத்துக் காட்டினேன். டெல்லியில படிச்சவங்க எழுதிட்டாங்க, நான் என்னங்க பண்றது என்று சொல்லிவிட்டார். நாளையிலிருந்து எனக்குப் பேக்கிங்கில் வேலை. உங்க பொண்ணும் டெல்லியிலதானே இருக்குது, கேட்டுப் பாருங்க என்று கூட வேலை செய்யும் பச்சியப்பன் சொன்னான். உனக்கு அது வேறு இலாகா என்று பொய் சொன்னேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. அளந்தது யாரோ வடநாட்டுக்காரன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எம் மவ கண்ணுல பட்டிருந்தா வுட்டிருப்பாளா என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுதும்போது மறக்காமல் அப்படியே எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
சவுரியப்பன்