வாயிற்காவலனை மயக்கிய பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி இப்போது தேவலையா? மாத்திரையை விழுங்குகிறீர்களா, இல்லை அம்மாவை ஏமாற்றுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

லீவு நாளில் அறையில் பகடை உருட்டிக் கதை விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். எனக்குக் கோட்டைக் காவலாளி வேஷம். முப்பது வருஷம் மில் கேட்டில் நின்றவர் மகனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்?

கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குபவருக்குப் பாணன் வேஷம். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அரண்மனை வைத்தியன் என்று பொய் சொல்லி உள்ளே வரப் பார்த்தார். நான் விடவில்லை. உடனே மயக்கு மந்திரம் போடுவதாகச் சொல்லிப் பகடையை உருட்டிவிட்டு, மெல்லப் பாட ஆரம்பித்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது அப்பா. அந்த மனுஷனுக்குள் இப்படியொரு குரல் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

"மந்திரம் பலிச்சிருச்சு. இனி இவர் உன் உயிர் நண்பர். இவர் எது கேட்டாலும் நீ உண்மையத்தான் சொல்லணும்," என்றார் கதை நடத்துபவர்.

கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "நண்பனா இருந்தாலும் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போப்பா," என்றேன். மில் கேட்டில் சித்தப்பாவையே நீங்கள் அப்படித்தானே நிறுத்தினீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். பாணன் மட்டும் சிரிக்காமல், அதே குரலில் கேட்டார்: "இது யாரோட பேச்சு?"

"எங்கப்பாவோடது," என்றேன். அதன் பிறகு யாரும் பகடையைத் தொடவில்லை.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது. உங்கள் பழைய விசில் பரணில் கிடந்தால் அனுப்பிவையுங்கள். விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகன்