உன் கல்லில் ஏறாத அமெரிக்க வாக்கியம்

ராபர்ட்சன்பேட்டையில் கல்லறைக் கல் செய்யும் பட்டறையில் தண்ணீர் விட்டுக்கொண்டே கிரானைட்டை அறுக்கிறார்கள். அந்த ஈரப் புழுதியின் வாசம் என் சட்டையை விட்டு இன்னும் போகவில்லை. உன் கல்லைப் பார்க்கத்தான் போயிருந்தேன். கல்லறைத் திருநாளுக்குள் நட்டாக வேண்டும் என்று உன் மனைவி தவிக்கிறாள்.

கல்லில் குறையில்லை. அதில் வெட்டும்படி உன் மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய வாக்கியம்தான் சிக்கல். நம் கல்லூரியில் ஆயுள் முழுக்க அமெரிக்க வரலாறு நடத்தியவன் நீ. அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் சொன்னது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். உண்மை, விடியல், தேய்ந்த செருப்பு மூன்றும் அதில் வருகின்றன. படித்தவுடன் கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

“நெட்ல எல்லா சைட்லயும் இருக்குது அங்கிள்,” என்றான் போனில்.

ஒரு பெஞ்ச் மாணவர்கள் ஐந்து பேரும் அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒரே தவறான ஊரில் தொடங்கி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? விடைத்தாள்களை விசிறி போல விரித்துக் காட்டினாய். “இத்தினி பேரு சொல்றாங்களே, நெசமா இருக்கப் போவுதுடா,” என்று சீண்டினேன். “அஞ்சு சாட்சி இல்லடா இது. ஒரே சாட்சி. மீதி நாலும் எட்டிப் பாத்தது,” என்றாய்.

அந்த வலைத்தளங்களும் எட்டிப் பார்த்தவைதான். எல்லாவற்றிலும் ஜனாதிபதியின் படமும் பின்னால் சூரியனும் இருந்தன. எங்கே பேசினார், யாருக்கு எழுதினார், என்றைக்கு என்பது மட்டும் எதிலும் இல்லை. ஒரு தளம் அதே வாக்கியத்தை இன்னொரு ஜனாதிபதிக்கும் வழங்கியிருந்தது. பக்கத்திலேயே முடி வளரும் எண்ணெயும் விற்றது, அதே உறுதியோடு.

உன் அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறைச் சாம்பிள் எடுத்தவர். எந்த ஷாஃப்ட், எந்த லெவல், அதாவது எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதிய சீட்டோடுதான் கல் மேலே வர வேண்டும். சீட்டில்லாமல் வந்தால், தங்கமே மின்னினாலும் அது வெறும் கல். அந்தக் கேள்வியை நீ வரலாற்றுக்குள் இறக்கினாய். பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்த காலத்தில் நான் பக்கத்தைத் தலைப்பிலிருந்து படிப்பேன். நீ நேராக அடிக்குப் போவாய். யார் நடத்தும் தளம், மூலத்தின் படம் இருக்கிறதா, அந்தத் தாள் எந்தக் காப்பகத்தில் எந்தப் பெட்டியில் கிடக்கிறது? ஒருமுறை தளபதி ஒருவரின் கைப்பட எழுதிய கடிதத்தையே தேடிப் பிடித்துக் காட்டினேன். அப்போதும் நீ இளகவில்லை. “அவன் எழுதினான்றது நெசம். எழுதினது நெசமான்றது வேற கத.”

நேற்று உன் வீட்டில் உன் நாற்காலியில் உட்கார்ந்து தேடினேன். அமெரிக்க அரசு நூலகம் அந்த ஜனாதிபதியின் தாள்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத் தளத்தில் அவருடைய பேச்சுகளையும் கடிதங்களையும் சொல் சொல்லாகத் தேடலாம். அக்காலச் செய்தித்தாள்களும் கிடைக்கின்றன. விடியல் இருந்தது. செருப்புகூட இருந்தது, தைக்கக் கொடுத்தது. வாக்கியம் இல்லை. கிடைக்கவில்லை என்பதால் சொல்லவே இல்லை என்றாகாது என்று நீ முனகுவாய். சரி, கல்லில் வெட்டும் அளவுக்குச் சொல்லவில்லை.

உன் மனைவி டீயோடு வந்தாள். “இன்னாண்ணா, கெடச்சுதா?”

“இல்லம்மா. அவரு சொன்னதா தெரியல.”

“அப்ப வெறும் பேரும் தேதியுமா? கேக்க நாதியில்லாதவரு கல்லு மாதிரி இருக்குமேண்ணா.”

வெறும் கல்லை நட்டால் அவள் மனம் உடையும். பொய்யை வெட்டினால் உன் தலைமாட்டில் அது நிரந்தரமாக நிற்கும். எழுந்து வந்து அடித்துத் திருத்தக்கூட உன்னால் முடியாது.

அவளே சொன்னாள். “கருவேப்பில வாங்கியாந்தாகூட, எந்த ஷாஃப்ட்டு, எந்த லெவலுன்னு கேப்பாரு. அத்தயே போட்டுட்டா இன்னா?”

“அவருதான் சொன்னாருன்றதுக்கு ஆதாரம்?”

“நான் சமையக்கட்டுல கேட்டேன். நீங்க காலேஜ்ல கேட்டீங்க. உங்களுத நான் இன்னா எட்டியா பாத்தேன்?”

உன் விடைத்தாள் கதை அந்த வீட்டில் பலமுறை ஓடியிருக்கிறது போல. மகனிடமும் அவளே பேசினாள். “அம்மா சொன்னா சரிதான் அங்கிள்,” என்றான், ஒரு தளத்தையும் பார்க்காமல்.

பட்டறைக்காரர் அந்தக் கேள்வி எழுதிய தாளை இரண்டு தரம் படித்தார். “மைன்ஸ்ல இருந்தவரா சார்?”

“இல்லப்பா, ஹிஸ்டரி.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உளியை எடுத்தார்.

நீ நிம்மதியான இடத்தில் இருப்பதாக அடக்கத்தின்போது ஃபாதர் சொன்னார். அன்றிலிருந்து ஊர்க்கோடி பாலகாட் வரைக்கும் பார்க்கிறவர்களெல்லாம் அதையே சொல்கிறார்கள். எல்லாரும் ஃபாதரை எட்டிப் பார்த்தவர்கள். நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது, கேட்காமல் விடாது. அந்த இடத்தை நேரில் கண்ட சாட்சி நீ ஒருவன்தான். உன்னிடமிருந்து இன்னும் சீட்டு வரவில்லை.