ரெண்டாவது கம்பி

டிசம்பர் 22, திங்கள்

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் இன்றைக்கு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு. நான் கிட்டார், மகள் ஸ்டெல்லா பாட்டு. பாதிப் பாட்டில் அவள் கையை நீட்டி என் கிட்டார் கீயைத் திருகினாள்.

"ரெண்டாவது கம்பி சுருதி எறங்கிப் போச்சுப்பா. கேக்கலயா இன்னா?"

"பாட்டும் பொண்ணு, டியூனிங்கும் பொண்ணு. உனக்கு இன்னாப்பா வேலை?" என்றார் கொயர் மாஸ்டர்.

"நான் கிட்டார் ஸ்டாண்டுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிஜமாகவே எனக்குக் கேட்கவில்லை. முன்னெல்லாம் கம்பி துளி இறங்கினாலும் வாசித்துக்கொண்டே ஏற்றிவிடுவேன். நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் இரைச்சல் காதைத் தின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அதே கம்பியை நானே கொஞ்சம் தளர்த்தி மீட்டினேன். என் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது. உள்ளேயிருந்து ஸ்டெல்லா கத்தினாள்: "அப்பா, மறுபடியும் எறங்கிடுச்சு!"

"புதுக் கம்பிம்மா, அப்படித்தான்" என்று சமாளித்தேன்.

நாளைக்கும் அவள் என் பக்கத்திலேயே நிற்கணும், ஆண்டவரே.