இரண்டு முட்டைப் பந்து, ஒரு மைதானம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மைதானத்துக்குப் போனால் என் கோல் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் அவளுடைய கம்பங்கள். நேற்று மாலை வரை இல்லை. இந்தக் கோடியில் நான்கு நெட்டைக் குச்சிகள், அந்தக் கோடியில் நான்கு. நடுவில் என்னுடையது, குறுக்குக் கட்டையோடு, சிறை வைத்த மாதிரி நிற்கிறது. காவலாளி இரண்டுக்கும் சேர்த்துக் கயிறு கட்டித் துண்டு காயப்போட்டிருந்தார். என்ன இது என்று கேட்டால், ஒருத்தர் கம்பத்தில் மட்டும் கட்டினால் பாரபட்சம் என்று சொல்லிவிடுவீர்களே என்கிறார்.

அவள் என்றால் என் நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எங்கள் வீட்டு மாடியிலேயே தனியாக இருக்கிறாள். ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, இரண்டு எதிரி நாடு.

கடல் தாண்டி இருக்கும் இரண்டு விளையாட்டுச் சங்கங்களுக்கு ஒரே வருடத்தில் எங்கள் ஊர் மேல் ஆசை வந்துவிட்டது. ஆட்டத்தை ஊருக்குச் சொல்லித்தர ஒன்று என்னை வேலைக்கு வைத்தது, மற்றது அவளை. ஊர் ஆடுவது உருண்டைப் பந்து. இவர்கள் இருவரும் கொண்டு வந்தது முட்டைப் பந்து. என் ஆட்டத்தில் பந்தைக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் பின்னால் மட்டும்தான் வீச வேண்டும். அவள் ஆட்டத்தில் வீசவே கூடாது. முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும், எந்தப் பக்கமும் அனுப்பலாம், அடுத்தவள் முதுகில் ஏறிக்கூடப் பிடிக்கலாம். வீட்டில் என்னுடையதற்குப் பெயர் பின்பந்து, அவளுடையதற்குக் குத்துப்பந்து. ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த ஒரு துக்கத்தில் மட்டும் நானும் அவளும் ஒற்றுமை.

மார்ச் 5, வியாழன்

எங்கள் தலைமை அலுவலகத்துத் தொப்பிக்காரர் கணினித் திரையில் வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் தொப்பியைக் கழற்றாத மனிதர். விஷயம் இதுதான். ஊரில் இருப்பது ஒரே மைதானம். நகராட்சி அதை இந்த மாதம் யாராவது ஒரு சங்கத்துக்குத்தான் குத்தகைக்கு விடும். 28ஆம் தேதி இரண்டு ஆட்டத்தையும் ஆடிக்காட்ட வேண்டும், நகராட்சியின் பூங்கா அதிகாரி பார்த்து முடிவு செய்வார். மைதானம் கிடைக்காத சங்கம் மூட்டை கட்டும்.

அதாவது வீட்டில் ஒரு வேலை போகும். மாடியா, கீழ்வீடா என்பதுதான் கேள்வி.

எனக்குப் போனால் பழையபடி பள்ளிக்கூடம். பதினோரு வருடம் பி.டி. டீச்சர் என்று பெயர். பெயர்தான். என் வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார் கேட்பார், தலைமையாசிரியர் கொடுப்பார், நான் வராந்தாவில் நின்று பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்பேன். அங்கே மறுபடி போவதற்கு நான் தயாராக இல்லை. யாருக்காகவும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

அவளுக்குப் போனால்? நேற்று அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

கல்யாணத்தை முறித்துக்கொண்டு பெட்டியோடு வந்தவள். ஒரு வருடம் எங்களோடு கீழே இருந்தாள். தட்டில் சோறு போடும்போதெல்லாம் "போதும் அண்ணி" என்பாள், பசி தீர்ந்திருக்காது. இந்த வேலை கிடைத்த மாதமே மாடிக்குப் போய்விட்டாள். அண்ணனிடமே வாடகை கொடுத்துத்தான் இருப்பேன் என்று பிடிவாதம். இப்போது படியில் இறங்கும்போது செருப்புச் சத்தமே வேறு மாதிரி கேட்கிறது.

இருக்கட்டும். எனக்கும் செருப்பு உண்டு.

மார்ச் 11, புதன்

வீட்டுக்காரர் பேனர், சட்டை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் சிவப்புச் சட்டையும் அவர்தான், அவர்கள் நீலச் சட்டையும் அவர்தான். நீலச் சட்டையில் பந்துப் படத்தைக் கொஞ்சம் கோணலாக அச்சடிக்க முடியுமா என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தேன். மேலே இருந்தும் அதே கோரிக்கை வந்திருக்கிறது, எதை முதலில் செய்வது என்று கேட்டார். இந்த யுத்தத்தில் கொழித்தது அவர் ஒருத்தர்தான்.

மார்ச் 17, செவ்வாய்

பயிற்சி. எங்கள் அணித் தலைவி நெட்டை இன்று விரல் முட்டிகளில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாள். கேட்டதற்குக் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். நான்கு முட்டியுமா? பின்னால் பார்த்தால் இன்னும் ஆறு பெண்களுக்கு அதே கதவு, அதே இடுக்கு.

பின்பந்து ஆடுகிறவளுக்கு முழங்கால் தேயும், தோள் தேயும். விரல் முட்டி தேய வழியே இல்லை. முட்டி தேய்வது பந்தைக் குத்துகிறவளுக்குத்தான்.

மார்ச் 19, வியாழன்

மைதானச் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இந்த வயதில். ஏற்கெனவே அங்கே கிடந்த செங்கல்லை அடுக்கி அதன் மேல் ஏறி.

அத்தனையும் என் பெண்கள். செவ்வாய்க்கிழமை சிவப்புச் சட்டை, வியாழக்கிழமை நீலச் சட்டை. ஊரில் முட்டைப் பந்தைத் தொடத் துணிந்த பெண்கள் மொத்தமே அவ்வளவுதான் போலிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஷூ இலவசம் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள். நெட்டை என் பக்கம் திரும்பினாள், சுவருக்கு மேலே என் தலையைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி ஓடினாள். நல்ல வளர்ப்பு.

நாத்தனாருக்கு இது தெரியுமா? என்னுடைய செவ்வாய்க்கிழமைகளில் சுவருக்குப் பின்னால் அந்தச் செங்கல்லை முதலில் கொண்டு வந்து வைத்தது யார்?

மார்ச் 20, வெள்ளி

தெரியும். படியில் எதிர்ப்பட்டோம். பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார்கள், உன் பெண்கள்? அவர்களும் நன்றாக இருக்கிறார்கள். இருவரும் ரொம்ப நாகரிகமாகச் சிரித்துக்கொண்டோம்.

மார்ச் 28, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தொப்பிக்காரர் வந்திருந்தார். அவர்கள் பக்கத்திலிருந்து பல்வரிசை வந்திருந்தார். நான் வைத்த பெயர், எந்நேரமும் பல் தெரியும். இருவரும் அடுத்தடுத்த நாற்காலி, நடுவில் பூங்கா அதிகாரி. கூட்டம் நல்ல கூட்டம். வீட்டுக்காரர் இரண்டு பேனரையும் ஒரே உயரத்தில் கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் என் ஆட்டம். விசில் என் வாயில். கொஞ்ச நேரம் அழகாகத்தான் போனது. ஓடினார்கள், பின்னால் வீசினார்கள், விழுந்தார்கள். தொப்பிக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் நெட்டையை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். வீச வழி இல்லை. அவள் என்ன செய்தாள், பந்தை இடது கையில் வைத்து வலது கையால் ஓங்கிக் குத்தினாள். முன்னால்! அங்கே இன்னொருத்தி தோழியின் முதுகில் முழங்காலை ஊன்றி எழும்பி அதைப் பிடித்தாள்.

என் ஆட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை தப்பை யாரும் செய்ததே கிடையாது. நான் விசில் ஊதுகிறேன், ஊதுகிறேன், யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. அதுவரை அவர்கள் மரியாதைக்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது அவள் ஆட்டம். சட்டையை மாற்றிக்கொண்டு அதே பெண்கள். கைகால் பழக்கம் சட்டையோடு மாறுமா? பந்து கிடைத்ததும் கோடு போட்ட மாதிரி சாய்வாக நின்று பின்னால் பின்னால் வீசிக்கொண்டு ஓடினார்கள். இப்போது நாத்தனார் விசிலை ஊதினாள். மறுபடி கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

பூங்கா அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு முறையும் வந்தது ஒரே பெண்கள்தானே, யாருடைய பெண்கள் என்று கேட்டார். தொப்பியும் பல்வரிசையும் எங்கள் வாயையே பார்த்தார்கள்.

நாத்தனார் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்த வராந்தா ஞாபகம் வந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"எங்க பொண்ணுங்க சார். இவங்க ஷூவைக் காட்டி இழுத்துட்டாங்க."

சொன்னேன். அதுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கீழே எங்களோடு இருந்த காலத்தில் சோற்றுத் தட்டைப் பார்ப்பாளே, அந்த முகம். பிறகு அதிகாரியிடம், பொய், எங்கள் பெண்களைத்தான் இவர் இழுத்தார் என்றாள். குரல் உடைந்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

மாடியில் சத்தமே இல்லை. வீட்டுக்காரர் ஒரு தட்டில் சோறு போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 31, செவ்வாய்

அதிகாரியின் முடிவு வந்துவிட்டது. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் சிரிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலமே தொப்பிக்காரர் நகராட்சிக்குப் போயிருக்கிறார். நம் பெண்களைத் திருடிய கும்பலிடம் மைதானத்தை விட்டுப் போவதா என்று ரோஷம். அங்கே அவருக்கு முன்னால் பல்வரிசை உட்கார்ந்திருக்கிறார், அதே ரோஷத்தோடு. இருவரும் மாறி மாறிக் குத்தகைத் தொகையை ஏற்ற, அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்கிறது. கடைசியில் ஆளுக்குப் பாதி வாரம் என்று இருவருக்கும் கொடுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு. இரண்டு அலுவலகமும் இருக்கும். அவர்கள் ஒழிகிற வரை நாம் நகரக் கூடாது என்று தொப்பிக்காரர் எனக்கு எழுதியிருக்கிறார்.

திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்கள் இருக்கிற வரை நாங்கள் இருப்போம். நாங்கள் இருக்கிற வரை அவர்கள் இருப்பார்கள். அப்படியென்றால் எங்கள் இருவர் சோற்றிலும் மண் விழுவது எப்போது? நாங்கள் சமாதானம் ஆனால்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே பேசினேன். சனிக்கிழமை நான் சொன்னது கேவலம், பயத்தில் சொன்னேன், நீ உண்மையைச் சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்னைத் திருடின்னுகூட சொல்லிருக்கலாம் அண்ணி. மத்தவங்க முன்னாடி 'இவங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, யாரோ மாதிரி. அதுதான் தாங்கல."

அழுதுவிட்டேன். அவளும். அப்புறம் தொப்பிக்காரர் எழுதியதைக் காட்டினேன். ஒரு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். உதட்டு ஓரத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது வீண் இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

சண்டை ஆரம்பம்.

ஏப்ரல் 17, வெள்ளி

இந்த வாரச் சாதனைகள். நான் அவர்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டை அழித்ததாக அவள் புகார். உண்மையில் இருவரும் சேர்ந்துதான் விளக்குமாறு பிடித்தோம், அவளுக்கு முதுகுவலி என்பதால் பெரும்பாதி நான். எங்கள் பந்து மூட்டையை அவள் கடத்திவிட்டதாக என் புகார். மூட்டை மாடியில் இருக்கிறது, அவள்தான் காற்றடித்துத் தருகிறாள். என்னைப் பற்றித் தலைமைக்கு அனுப்பிய அறிக்கையில் "சூழ்ச்சிக்காரி" என்று எழுதியிருந்தாள். வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா என்று நானே இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

பெண்களுக்கு எல்லாம் தெரியும். செவ்வாயன்று பின்பந்து, வியாழனன்று குத்துப்பந்து, சனிக்கிழமை விசிலே இல்லாமல் இரண்டையும் கலந்து அவர்கள் இஷ்டம். சனிக்கிழமை ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வருகிறது. இரண்டு அறிக்கையிலும் அந்தக் கூட்டத்தின் படம்தான் போகிறது.

பாவம் பூங்கா அதிகாரிதான். இன்று வீட்டுக்காரரின் கடைக்கே வந்துவிட்டாராம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசித் தீர்க்க மாட்டார்களா என்று கேட்டாராம். பேச்சுவார்த்தையே கிடையாது சார், நடுவில் நான் கிடந்து சாகிறேன் என்று இவர் பெருமூச்சு விட்டிருக்கிறார். இவருக்கு இவ்வளவு நடிப்பு வரும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் இவர் சொன்ன சில விஷயங்களை மறுபடி யோசிக்க வேண்டும்.

மே 14, வியாழன்

பல்வரிசை என் கைபேசிக்கே அழைத்தார்! இவ்வளவு வெறியோடு வேலை செய்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். எதிரியிடம் இருப்பதற்குப் பதில் எங்களிடம் வந்துவிடுங்களேன் என்றார். சம்பளமும் கூடுதல். உங்கள் ஊழியர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறாரே என்றேன். அவரை எப்படியும் அனுப்பிவிடலாம் என்றார்.

போனை வைத்துவிட்டு இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஓடினேன். அவள் பாதிப் படியில் எதிரே ஓடி வந்துகொண்டிருந்தாள். தொப்பிக்காரர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இங்கே இருப்பவளை அனுப்பிவிடலாம் என்று என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். வீட்டுக்காரர் வந்து, இருவருக்கும் சட்டை அளவு அதேதானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 4, வியாழன்

இடம் மாறிக்கொண்டோம், அவள் சிவப்பில், நான் நீலச் சட்டையில், முதல் நாள். பந்தைக் குத்தினால் அது பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பெண்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெருவிரலை முஷ்டிக்கு உள்ளே மடக்கக் கூடாது டீச்சர் என்று நெட்டை சொல்லிக் கொடுத்தாள்.

சாயங்காலம் பல்வரிசையிடமிருந்து முதல் வேலை. நாம் அனுப்பிய பெண்ணையே சிவப்புச் சட்டைக்காரர்கள் வைத்துக்கொண்டார்களே, அங்கே எப்படி வேலை செய்கிறாள், எவ்வளவு காலத்தில் விரட்டலாம் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மிகவும் ஆபத்தான பெண், லேசில் அசைக்க முடியாது, நமது அலுவலகம் இங்கே குறைந்தது ஐந்து வருடமாவது நிலைத்து நின்றாக வேண்டும்.

அனுப்புவதற்கு முன் அந்த ஆபத்தான பெண்ணிடம் காட்டினேன். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படித்தாள்.

"அஞ்சு எப்படி அண்ணி போதும்? பத்துன்னு போடுங்க. இப்பத்தான் மாடிக்குப் புதுசா தரை போடச் சொல்லிருக்கேன்."

பத்து என்று போட்டு அனுப்பிவிட்டேன்.