சாக்கடை எங்களுக்கு, வாழைத்தார் அலுவலகத்துக்கா?

அனுப்புநர்:
தையல்காரி,
பள்ளத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
மாவட்ட மேலதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் கொல்லையில் உள்ள வாழைகளை ஏலம் விடவும், உறிஞ்சு குழிகளை மூடவும் ஊர் அலுவலகம் கொடுத்துள்ள அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலதிகாரி ஐயா அவர்களுக்கு,

1. நான் வீட்டிலேயே தையல் தைத்துப் பிழைப்பவள். என் கணவர் காலமானபின் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், என்னுடன் வசித்து வருகிறாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் சமைப்பார்கள் பார்க்கலாம் என்று தெருவில் சிலர் காத்திருந்தார்கள். காத்திருந்து அலுத்துப்போய்விட்டார்கள். எங்கள் வீடு தெருவின் தாழ்வான கடைசியில் இருக்கிறது. பின்னால் கொல்லை, அதற்கும் பின்னால் ஒரு தரிசு, அதைத் தாண்டி ஓடை. கொல்லையில் அவரையும் கத்தரியும் கீரையும் போட்டிருந்தோம். வேலியில் பாகல் படர்ந்திருந்தது. காய்க்காகக் கடைக்குப் போனது மிகவும் குறைவு. பூச்சி அரித்த வருடமும் உண்டு, தெருவுக்கே பங்கு கொடுத்த வருடமும் உண்டு. அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அதற்காக நாங்கள் யாருக்கும் மனு எழுதியதில்லை.

2. எங்கள் தெருவுக்குச் சிமென்ட் வாய்க்கால் கட்டித் தந்தது ஊர் அலுவலகம். சமையல்கட்டுத் தண்ணீரும், குளிக்கும் தண்ணீரும், துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம். ஆனால் வேலை எங்கள் வேலியோரம் வந்ததும் நின்றுவிட்டது. அங்கிருந்து தரிசு வழியாக ஓடைவரை குழாய் பதிக்க வேண்டியது பாக்கி. வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் ஐயாவிடம் கேட்டேன். "மிச்சம் அடுத்த கட்டத்துல வரும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அடுத்த கட்டம் இந்த மனுவை எழுதும் வரையில் வரவில்லை. தண்ணீர் மட்டும் மறுநாளே வந்துவிட்டது.

3. தெரு முழுவதும் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கள் கொல்லையில் வந்து தேங்கியது. அவரைக்கொடி வேரோடு அழுகிச் சாய்ந்தது. கத்தரிச்செடி மஞ்சள் பூத்துப்போனது. கிணற்றில் வாளியைவிட்டு இழுத்தால் சோப்பு வாடை அடித்தது. குடிக்கவும் சமைக்கவும் மேலத் தெருவிலிருந்து குடத்தில் தூக்கிவர வேண்டியதாயிற்று. கொசுவைப் பற்றி எழுதினால் மனு நீண்டுவிடும். தைக்கக் கொடுத்த துணியில் வாடை ஏறுகிறது என்று நல்ல வாடிக்கைக்காரர்கள் இருவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே முகர்ந்து பார்த்தேன். வாடை இருந்தது.

4. தெருவின் மேட்டில் உள்ள மேல்வீட்டுக்காரர்களிடம் தண்ணீரை அடைக்கச் சொல்லிச் சண்டைக்குப் போகும்படி பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். நான் போகவில்லை. குளிக்காமலும் சமைக்காமலும் இருங்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்? தவறு அவர்களுடையது அல்ல. ஆகையால் ஊர் அலுவலகத்திற்கு மனு கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். நான் வாசலில் தலைகாட்டினாலே "மனுக்காரி வந்துட்டா" என்று உள்ளே கிசுகிசுப்பது என் காதில் விழுந்தது. கடைசியாக எழுத்துமூலம் பதில் வந்தது. கழிவுநீர் தனியார் நிலத்திற்குள் சென்றபின் அதன்மீது இவ்வலுவலகத்திற்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை என்பது அதன் சாரம். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அருள்கூர்ந்து அந்த வரியை ஒருமுறை வாசித்துவிட்டு மேலே தொடர வேண்டுகிறேன்.

5. இதற்கிடையில் என் நாத்தனாருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அவள் ரொட்டிக்கடையில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. ஒரு மாலை மழை தூறியது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைக்கு ஓடினாள். பாசி பிடித்திருந்த கல்லில் கால் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. நான் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிப் பார்த்தபோது, சேற்றில் உட்கார்ந்தபடி துணி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள், நனையாமல். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, முதலில் துணியை வாங்குங்கள் என்றாள். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கால் பழையபடி ஆகவில்லை. அதிக நேரம் நிற்க முடியாதவளை ரொட்டிக்கடையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள். இதற்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று நான் இதுவரை யாரையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

6. அவள் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்களில் அந்த வாய்க்காலைக் கட்டிய கொத்தனாரும் ஒருவர். பழம் வாங்கிக்கொண்டு வந்தார். எழுந்து போகும்போதுதான், "அக்கா, குழாயெல்லாம் ஆபீஸ் பின்னாடிதான் கிடக்கு. போடச் சொன்னா போட்டுடுவேன். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். உண்மை. குழாய்கள் வெயிலில் கிடந்தன. ஒன்றுக்குள் ஆடு குட்டி போட்டிருந்தது. தாயும் குட்டியும் நலமாக இருந்தன.

7. அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறெங்காவது போய்விடலாம் என்று என் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் கட்டிலில் காலை நீட்டியபடி ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணி, தண்ணி போக மாட்டேன்னு நிக்குது. நாம ஏன் துரத்தணும்? இருந்துட்டுப் போகட்டும். சும்மா இருக்க விடாம வேலை வாங்குவோம்."

8. அப்படித்தான் ஆரம்பித்தது. ஆரம்பம் நன்றாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் கீரை விதைத்தோம். முளைத்த வேகத்தில் கருகியது. சேம்பு வைத்தோம், அது பிழைத்தது, ஆனால் கிழங்கு இறங்கவில்லை. வாழைக்கன்று வைத்தோம், சோப்புத் தண்ணீர் நேராகப் பட்ட இடத்தில் இலை ஓரம் கருகிச் சுருண்டது. தெருவில் சிரித்தார்கள். பிறகு மேல்வீட்டு ஓய்வுபெற்ற நர்ஸம்மா, தன் அக்கா வீட்டில் உறிஞ்சு குழி வெட்டியிருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் வரும் வழியில் குழி வெட்டி, உடைகல்லும் மணலும் மேலே காய்ந்த சருகும் போட்டு நிரப்பினோம். சோப்பின் வேகம் அதில் தணிந்தது. குழியைச் சுற்றிக் கன்றுகளை வைத்தோம். கொத்தனார் தன் மண்வெட்டியைக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து வெட்டியும் கொடுத்தார். என் நாத்தனாரால் குனிந்து நிற்க முடியாது. காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்து, பழைய குழம்புக் கரண்டியால் மண்ணைத் தோண்டினாள். அந்தக் கரண்டி வளைந்தேபோனது.

9. அடுத்த பருவத்தில் கொல்லையின் உருவம் மாறிவிட்டது. வாழைகள் கூரை உயரம் வந்தன. தேங்கிய தண்ணீர் இல்லை. கிணற்றில் வாடை அடங்கியது. தவளை சத்தம் மட்டும் குறையவில்லை. அதை நாங்கள் பழகிக்கொண்டோம். வெயில் நேரத்தில் உள்ளே போனால் குளிர்ச்சியாக இருக்கிறது. தையலுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். இலை சாப்பாட்டுக்கடைக்குப் போகிறது. தண்டும் பூவும் தெருவில் கேட்கிறவர்களுக்குப் போகின்றன, தண்ணீர் அவர்களுடையதுதானே. தார் அறுத்து விற்பதை என் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். ரொட்டிக்கடை கைவிட்ட பிறகு அவளுக்கு இருக்கும் பிழைப்பு இதுதான். அந்தக் கொல்லையில் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் ஐயா. அதை மனுவில் எழுதும் முறை எனக்குத் தெரியவில்லை.

10. இந்த நிலையில்தான் மேற்படி அறிவிப்பு வந்தது. பொது வாய்க்கால் நீரை அனுமதியின்றிப் பயன்படுத்தி மரம் வளர்த்திருப்பதாகவும், ஆகவே மரங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவை என்றும், அவற்றை ஏலம் விட்டுவிட்டுக் குழிகளை மூட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தண்ணீர் எங்கள் அவரையை அழுக வைத்தபோது அது யாருடைய தண்ணீரும் இல்லை. கால் முறிந்தபோதும் யாருடையதும் இல்லை. தார் தள்ளியவுடன் அதற்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். முன்பு கொடுத்த பதிலையும் இப்போது கொடுத்த அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கையெழுத்து ஒருவருடையதே என்பது தெரியவரும்.

11. பின்னர் அலுவலக ஊழியர்கள் வந்து ஒவ்வொரு வாழையிலும் சிவப்பு வர்ணத்தில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். நாங்கள் தடுக்கவில்லை. வாழையின் வெளிமட்டை காய்ந்து உரிந்து விழக்கூடியது. எண்ணும் அதோடு விழுந்தது. மறுபடியும் வந்து எழுதினார்கள். எண்ணை நாங்கள் அழித்ததாக அறிக்கையில் எழுதப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உதிர்ந்த மட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் எண்ணோடு கொண்டுவந்து தங்கள் மேசையில் வைக்கத் தயார்.

12. ஏலத்தன்று தெருவே எங்கள் கொல்லையில் கூடியது. ஓவர்சியர் ஐயா ஆரம்ப விலை சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. விலையைக் குறைத்தார். அப்போதும் இல்லை. சாப்பாட்டுக்கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலை கேட்கச் சொன்னார். அவர் தனக்குப் பல்வலி, பேச முடியாது என்று சைகை காட்டினார். நர்ஸம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி எங்க வீட்டுல இருந்து வந்துது. அப்ப மரத்துல எனக்கும் பங்கு உண்டா சார்?" கோபத்தில் ஓவர்சியர் ஐயா, மரங்களை அப்போதே வெட்டும்படி கொத்தனாருக்கு உத்தரவிட்டார். அவர் அந்த அலுவலகத்தின் கூலியை நம்பி இருக்கிறவர். அரிவாளைக் கையில் வாங்கினார். முதல் மரத்தடிக்குப் போனார். அங்கே என் நாத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தார், தாரை அண்ணாந்து பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "தார் இன்னும் முத்தல சார். இப்ப வெட்டினா பாவம்" என்றார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கேயே அவரிடம் சொல்லப்பட்டது. திங்கட்கிழமை போலீஸோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஓவர்சியர் ஐயா போய்விட்டார்.

13. ஆகவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து மேற்படி அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். எங்களுக்காக அரிவாளைக் கீழே வைத்த கொத்தனாருக்கு அவருடைய வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். தண்ணீர் தங்களுடையதுதான் என்று அலுவலகம் கருதினால், ஒரு துளி விடாமல் எடுத்துக்கொள்ளட்டும். குழாய் பதிக்க எங்கள் வேலியைப் பிரித்துக்கொடுக்க நாங்கள் தயார். அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனால் எங்கள் மண்ணில் விழுகிற தண்ணீரை வைத்து எங்கள் கையால் வளர்த்தது எங்களுடையது. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

14. தாங்கள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் நல்லது. வராவிட்டாலும், திங்கட்கிழமை நான் யாரிடமும் தையல் வேலை ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் இருவரும் கொல்லையில்தான் இருப்போம். தெருவிலும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அழைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

15. இன்று காலையும் வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. அது வீணாகக்கூடாது என்று வேலியோரம் புதிதாக ஒரு குழி வெட்டி, கன்று வைத்துவிட்டுத்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். பின்னால் நாங்கள் மறைத்ததாக யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக இதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

இடம்: பள்ளத் தெரு, எங்கள் சொந்தக் கொல்லை
நாள்: ஏலத்திற்கு மறுநாள், சனிக்கிழமை

இப்படிக்கு,
உரிமையோடு கேட்கும்
தையல்காரி
(கையொப்பம்)

உடன் கையொப்பமிடுபவர்: நாத்தனார், வாழை பயிரிடுபவர்

இணைப்பு: ஊர் அலுவலகத்தின் முந்தைய பதில், தற்போதைய அறிவிப்பு – நகல்கள்