இடது முழங்கையைப் பற்றி

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், சாப்பிட்டியா என்று நான் கேட்பேன், சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா என்று நீ கேட்பாய், அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம், சரிப்பா வைக்கட்டுமா என்பாய். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாத விஷயம் ஒன்று வந்திருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு வருகிறேன், முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரி பண்ணியாயிற்று. வந்த பிளம்பர் தெரியாமல் உன் அறைக் கதவைத் திறந்துவிட்டு, சார் கடை வச்சிருக்கீங்களா என்று கேட்டான். கேட்காமல் என்ன செய்வான், உன் கட்டிலில் இப்போது கம்பளி நூல்தான் படுத்திருக்கிறது. அலமாரி நிரம்பி வழிந்து, சூட்கேஸ் நிரம்பி, கடைசியில் உன் மெத்தைக்கு வந்துவிட்டது. வாங்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன். நூல்கடைக்காரம்மா புதுசா ஒண்ணு வந்திருக்கு சார், சும்மா தொட்டுப் பாருங்க என்பாள், தொட்டால் போச்சு. போன வாரம் நனைந்த செங்கல் நிறத்தில் ஒன்று காட்டினாள், பார்க்கச் சாதாரணம், ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் உள்ளே மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் ஒளிந்துகொண்டிருக்கின்றன. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், கடையில் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தரைக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே பின்னல் ஊசியும் கையுமாக இருந்த ஆள் நான், பார்க்காத சிரிப்பா. உன் அம்மாவே எத்தனை கிண்டல் பண்ணியிருக்கிறாள், லிஃப்டை மேலே ஏத்துறீங்களோ இல்லையோ ஊசியில கண்ணியை மட்டும் சரியா ஏத்துறீங்க என்று.

பின்னல் மாதிரி தேடுவதற்குப் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டேன், கண்ணைத் திறந்தால் போதும், தெருவெல்லாம் மாதிரிதான். எதிர்ப்பக்கத்து மனையில் மதில் கட்டுகிறார்கள், மேஸ்திரி செங்கல்லை ஒன்று விட்டு ஒன்று உள்ளே தள்ளி வைக்கிறார், அப்படியே ஒரு குல்லாய்க்குப் பொருந்தும். நான் நின்று காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்துகொண்டிருந்தேன், கார்ப்பரேஷன் ஆளா என்று மேஸ்திரி பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னதும் டீ கொடுத்ததற்கு வருத்தப்பட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அதுகூடப் பரவாயில்லை, பஸ்ஸில் ஒரு அம்மாளின் முதுகுச் சால்வையில் இலை இலையாக ஒரு பின்னல், துளை எங்கே வருகிறது என்று தெரியாமல் நான் சாய்ந்து சாய்ந்து பார்க்க, அவர் சட்டென்று திரும்பி, என்ன சார் வேணும் என்று அதட்டினார். மானம் போகிறதே என்று பையிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது, சால்வையைக் கழற்றி மடியில் போட்டு, நல்லா எண்ணிக்கோங்க, நான் கடைசி ஸ்டாப்புலதான் இறங்குறேன் என்றார். எண்ணி முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வேகவேகமாக வந்தேன், பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்த பிறகுதான் யாரும் இல்லை என்பது உறைத்தது.

அதுதான் கஷ்டம், வேறு ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, பென்ஷன் வருகிறது, நோய் என்று பெரிதாக இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். சில நூல் உருண்டையாக வராது, பெரிய வளையமாக வரும், அதை ஒருவர் இரண்டு கையிலும் மாட்டிப் பிடிக்க, இன்னொருவர் சுற்றி உருண்டையாக்க வேண்டும். அம்மா பிடிப்பாள், கை வலிக்குது சீக்கிரம் சுத்துங்க என்று முனகிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடிப்பாள். இப்போது நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றுகிறேன். நாற்காலிக்குக் கை வலிக்காது, ஆனால் அது ஒரு வார்த்தை பேசாது. டிவியைப் போட்டுவிட்டு அதில் வருகிறவர்களிடம் பதில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன், சிரிக்காதே. வாரம் ஒருமுறை பழைய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்த குழந்தைகளுக்குக் குல்லாய் கொடுத்துவிட்டு வருகிறேன், நர்ஸ்கள் லிஃப்ட் சார் வந்துட்டார் என்று கூப்பிடுவது காதுக்கு இதமாக இருக்கிறது. அதற்காகவே அதிகமாகப் பின்னுகிறேன் போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு படம் அனுப்பினாயே, ஜன்னலோரம் நின்று இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு, நீ கிளம்பும்போது நான் பின்னிக் கொடுத்த பாசிப்பச்சை ஸ்வெட்டரில். இன்னமும் போடுகிறானே பையன் என்று முதலில் சந்தோஷம், பிறகு தினமும் எடுத்துப் பார்த்ததில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி இடது முழங்கைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பச்சை கொஞ்சம் மஞ்சளடித்திருக்கிறது, உள்ளங்கை அகலத்துக்கு. ஸ்வெட்டர் அங்கே கிழிந்து, யாரோ சரி பண்ணியிருக்கிறார்கள் என்று புரிந்தது. கடையில் கொடுத்திருந்தால் துணியை வைத்து மெஷினில் அடித்திருப்பார்கள். இது அப்படி இல்லை. கிழிந்த இடத்தைச் சுத்தமாக அவிழ்த்து, கீழே இருக்கும் கண்ணிகளை ஊசியில் ஏற்றி, புதிதாகப் பின்னிக்கொண்டே மேலே போய், மேல் கண்ணிகளோடு ஒட்டுத் தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள். நானே செய்ய யோசிக்கிற வேலை. நீ சட்டைப் பட்டன் தைக்கச் சொன்னால் சட்டையையே மாற்றுகிற ஆள், உன் கை இல்லை என்று சத்தியம் பண்ணுவேன்.

இதோடு நின்றிருந்தால் தெரிந்தவர் யாரோ உதவி செய்தார் என்று விட்டிருப்பேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஸ்வெட்டரின் கை நெடுகச் சடைப்பின்னல் போட்டேன் இல்லையா, அதில் ஒவ்வொரு மடிப்பிலும் வலது பக்கத்து இழைதான் மேலே ஏற வேண்டும். வலது கையில், முழங்கை வருகிற இடத்தில் ஒரே ஒரு மடிப்பு எனக்குத் தப்பிப்போய் இடது பக்கத்து இழை மேலே ஏறிவிட்டது. கழுத்து வரை முடித்த பிறகுதான் பார்த்தேன், நீ கிளம்புகிற அவசரம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன், இதுவரை ஒருத்தரும் கவனிக்கவும் இல்லை. இடது கையில் அந்தத் தப்பு கிடையாது, நீ கிளம்பிய அன்று எடுத்த படத்தில் பார்த்துவிட்டேன், வரிசையாகச் சரியாக இருக்கிறது. ஆனால் இப்போது அனுப்பிய படத்தில் இடது முழங்கையிலும், அதே இடத்தில், அதே மாதிரி, ஒரு மடிப்பு மாறி ஏறியிருக்கிறது. புரிகிறதா வாண்டு? கிழிந்த கையைச் சரி பண்ண அந்த மனிதர் மாதிரிக்கு நல்ல கையை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். என் தப்பைத் தப்பு என்று நினைக்கவில்லை, இது அப்பா வேண்டுமென்றே போட்ட அழகு என்று நினைத்து, ஒரு கண்ணி பிசகாமல் அதையும் பின்னியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்குப் பின்னிக் கொடுத்திருக்கிறேன், நல்லா இருக்கு என்பார்கள், கதகதப்பா இருக்கு என்பார்கள், ஒருத்தராவது இப்படி உட்கார்ந்து என் கை போன வழியிலேயே போய்ப் பார்த்ததில்லை.

ஆசை தாங்காமல் போனைத் தூக்கிக்கொண்டு நூல்கடைக்காரம்மாவிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள், நல்ல கை சார், பொறுமையான கை என்றாள். அப்புறம் படத்தைச் சின்னதாக்கி முழுசாகப் பார்த்துவிட்டு, ரெண்டு கையிலயும் கப்பு இருக்கே, அப்ப போட்டோ எடுத்தது யாரு சார் என்று கேட்டாள். நான் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது தோன்றவே இல்லை. நீ படத்தில் சிரிக்கிற சிரிப்பும் எனக்கு அனுப்புவதற்காகச் சிரித்தது இல்லை, எதிரே இருந்தவரைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் படம் வந்த அன்று போனில் பேசும்போது, லீவு நாள்தானே, தனியாவா இருக்கே என்று கேட்டேன், ஆமாம்பா என்று சொன்னாய்.

கோபம் என்று நினைக்காதே. முதலில் மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது, அதை மறைக்கவில்லை. நான் இங்கே ஒண்டியாகக் கிடக்கிறேன், அவனும் அங்கே ஒண்டியாகக் கிடக்கிறான் என்பதில் ஒரு துணை இருந்தது, இருட்டில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அது போய்விட்டதே என்று இருந்தது. அப்பன் நினைக்கக் கூடாததுதான், ஆனால் நினைத்தேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம், இவனுக்கு முழங்கை கிழிந்தால் உட்கார்ந்து பின்ன ஒரு ஆள் இருக்கிறது என்று மனசு லேசாகிவிட்டது, அன்று மதியம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

இந்த நேரத்தில்தான் உன் அத்தை போன் பண்ணினாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணாம், நல்ல குடும்பமாம், உன் போட்டோவைக் கேட்கிறார்களாம். எப்போதும் அவனிடம் கேட்கிறேன் என்று மழுப்புவேன், இந்தத் தடவை வேண்டாம், அவனா வாயைத் திறக்கிற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே என்று வெட்டிச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள், எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல, தெரிந்தாலும் அதை நான் சொல்லக் கூடாது. அண்ணா, நீங்க ஊசியும் நூலுமா கிடங்க, பையனும் அங்க அநாதையா கிடக்கட்டும், இனிமே நான் எதுக்கும் வரல என்று வைத்தவள்தான், அப்புறம் கூப்பிடவே இல்லை. நாளும் பொழுதும் கூப்பிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். சமாதானமாவாள், அவள் கோபம் எனக்குத் தெரியாததா. ஆனாலும் சாயங்காலம் ஆனால் போனைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

யார் என்று நான் கேட்கவில்லை. ஊசி பிடித்த கை என்றதும் பெண் என்று முடிவு கட்டத்தான் எனக்கும் தோன்றியது, அப்புறம் என் கையை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அதனால் அந்தக் கணக்கையே விட்டுவிட்டேன். யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், என்ன பாஷை பேசினாலும் எனக்கு ஒன்றுதான், நீ பயந்துகொண்டு ஒளித்து வைக்க வேண்டாம். சொல்ல வேளை வரவில்லை என்றால் காத்திருக்கிறேன், அதற்காக நீ என்னிடம் தனியாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மனசு சங்கடப்பட வேண்டாம். எனக்கு ஒரு பயம்தான், வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுவேனோ என்று.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்று இருக்கிறது. மப்ளர் என்றால் அளவே தேவையில்லை, கமுக்கமாகப் பின்னி பார்சலில் போட்டுவிடலாம், ஆனால் மப்ளர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஸ்வெட்டர் அப்படி இல்லை, அது ஒரு ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும். அதனால் அளவு வேண்டும். நெஞ்சைச் சுற்றி எவ்வளவு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை எவ்வளவு, கழுத்து மூடி இருக்கலாமா திறந்து இருக்கலாமா, அவ்வளவுதான், பேர் கூட வேண்டாம்.

ராத்திரி சீக்கிரம் தூங்கு, வெந்நீர் குடி, வேலை வேலை என்று முதுகை வளைத்துக்கொண்டு உட்காராதே. நீ நல்லா இருக்கணும், உன்னோடு இருக்கிறவரும் நல்லா இருக்கணும், அம்மா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள், அவள் சார்பிலும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு
என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

மறக்காதே, அளவை நீ எடுக்காதே, நீ எடுத்தால் கை ஒரு பக்கம் முழங்காலைத் தொடும். அவரையே எடுக்கச் சொல், அவரையே எனக்கு எழுதச் சொல்.